ஜிம்முக்கு நாம் கொடுத்த கடன்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், திருவையாறு பக்கத்துக் குழு ஒன்றின் சார்பில் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



"அந்த ஜிம் விஷயத்தை எல்லாருக்கும் சொல்லுங்க" என்று போன கூட்டத்தில் தலைவி அக்கா கேட்டபோது நாங்கள் ரொம்பத் தயங்கினோம். நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்து இடுப்பு ஒடிஞ்சு வீட்டுக்கு வர்றவங்க நாம. நமக்கு எதுக்கு ஜிம் என்று சிரிப்பீர்களோ என்று ஒரு கூச்சம். இன்னொன்று, இதில் நாங்கள் செய்த தப்பும் இருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆகணும். சம்பந்தப்பட்ட அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. பேர் வேண்டாம், மத்தது எல்லாத்தையும் சொல்லுங்க என்று அவங்களே சொல்லிட்டாங்க. ஜிம்மோட பேரையும் நாங்கள் சொல்லப்போவதில்லை.

அந்த அக்காவுக்கு ஒரே மகள். டிகிரி முடிச்ச பொண்ணு. போலீஸ் வேலைக்குப் போகணும் என்று அதுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆசை. உயரமும் இருக்கு. எழுத்துப் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கிப் படிச்சுக்கிட்டு இருந்துச்சு. உடல் திறன் தேர்வுக்கு என்ன பண்றது என்பதுதான் கவலை. 2025 மாசி மாதம், சம்பா அறுப்பு முடிஞ்ச நேரம். தஞ்சாவூர் டவுனில் ஒரு ஜிம்முக்காரர்கள் நோட்டீஸ் கொடுத்திருக்காங்க. "போலீஸ், ராணுவத் தேர்வுக்குச் சிறப்புப் பயிற்சி. பெண்களுக்குத் தனி நேரம். பெண் பயிற்சியாளர்." பொண்ணு அதைப் பார்த்துட்டு அம்மாவிடம் காட்டிச்சு. பெண் பயிற்சியாளர் என்ற ஒரு வார்த்தைக்காகவே அக்கா சரின்னு சொல்லிட்டாங்க.

நம்ம குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. அந்தக் கூட்டம் எங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏற்கெனவே உள்ள கடனில் பாக்கி எவ்வளவு, எத்தனை தவணையில் கட்டுவீங்க, நடவு இல்லாத மாசத்தில் என்ன பண்ணுவீங்க, வீட்டுக்காரருக்குத் தெரியுமா, ஜாமீன் கையெழுத்து யார் போடுவா என்று ஒவ்வொருத்தரும் ஒரு கேள்வி கேட்டோம். ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசியில் "மகள் படிப்புச் செலவுக்கு" என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

அடுத்த நாள் அக்காவும் பொண்ணும் டவுனுக்குப் போனாங்க. குளிர்சாதன அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி, வாசலில் செருப்பைக் கழட்டவா வேண்டாமா என்று தெரியாம நின்னதைச் சொல்லி அக்கா இப்பவும் சிரிப்பாங்க. உட்கார வச்சுத் தண்ணி கொடுத்தார்களாம். "மாசம் 1,500 ரூபாய் ஆண்ட்டி. வருஷத்துக்குச் சேர்ந்தா 12,000-தான். இந்த ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான். கையில 3,000 கட்டுங்க, மீதி மாசம் மாசம் 1,000 கட்டினாப் போதும், வட்டியே கிடையாது." அக்காவுக்கு அது சரியாப் பட்டது. மாசம் ஆயிரம், பிடிக்கலைன்னா நிறுத்திக்கலாம் என்று அவங்க நினைச்சாங்க. அந்த இடத்தில்தான் எல்லாம் மாறிப்போச்சு.

"ஆதார் கார்டு, பான் கார்டு கொடுங்க ஆண்ட்டி" என்றார்கள். கொடுத்தாங்க. "போனைக் கொடுங்க." கொடுத்தாங்க. "ஒரு நம்பர் வரும், சொல்லுங்க." சொன்னாங்க. "போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்க." சிமிட்டினாங்க. பத்தே நிமிஷம். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு ஜாமீன் கேட்கவில்லை. நாங்கள் ஒரு மணி நேரம் குடைஞ்சு எடுத்த அதே அக்கா, பத்து நிமிஷத்தில் 9,000 ரூபாய்க்குக் கடன்காரி ஆகிட்டாங்க. அது அவங்களுக்கே தெரியாது.

எப்படி என்று கேளுங்கள். அக்கா மாசம் ஆயிரம் ஜிம்முக்குக் கட்டவில்லை. ஒரு பைனான்ஸ் கம்பெனி அக்கா பேரில் 9,000 ரூபாய் கடன் போட்டு, அந்தப் பணத்தை ஜிம்முக்கு உடனே கொடுத்துவிட்டது. அக்கா கட்டுற ஆயிரம் அந்தப் பைனான்ஸ் கம்பெனிக்குக் கட்டுற தவணை. ஒன்பது மாசத்துக்குப் பேங்க் கணக்கிலிருந்து 5-ஆம் தேதி தானாக எடுத்துக்கொள்ள அனுமதியும் அந்தப் பத்து நிமிஷத்திலேயே வாங்கிட்டாங்க. வட்டி இல்லாமல் ஒரு கம்பெனி எதுக்குக் கடன் கொடுக்கும்? அவர்களுடைய பங்கை ஜிம்மிடம் பிடித்துக்கொள்வார்கள். அதனால் ஜிம்முக்காரரைக் கேட்டால் "எங்களுக்கு முழுசா வரலை" என்பார். பின்னாடி அதையும் கேட்டோம்.

இப்போ ஜிம் எப்படி இருந்தது என்று சொல்கிறோம். பெண் பயிற்சியாளர் ஒருத்தர் இருந்தது உண்மைதான். மூணு வாரத்தில் அவர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார். வேறு ஆள் வரவே இல்லை. பெண்களுக்கான தனி நேரம் என்பது காலை 11 மணியிலிருந்து 1 மணி வரை. ஓடுற மிஷின் ரெண்டு, அதில் ஒன்று ரிப்பேர். இருந்த ஆம்பளைப் பையன் சொல்லிக்கொடுத்தது எடை குறைக்கிற வழி. நம்ம பொண்ணுக்குக் குறைக்க என்ன இருக்கு? அதோட புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கச் சொல்லி நச்சரிப்பு.

போலீஸ் தேர்வில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2023-இல் விட்ட இரண்டாம் நிலைக் காவலர் அறிவிப்பில், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடணும். அது தேறினால்தான் மற்றது. நீளம் தாண்டுறதுக்குக் குறைந்தது 3 மீட்டர். 4 கிலோ குண்டை 4.25 மீட்டராவது எறியணும். இதில் எதை அந்த ஏசி ரூமில் பழக முடியும்? மண்ணில் ஓடணும், மணலில் தாண்டணும். "சிறப்புப் பயிற்சி" என்று நோட்டீஸில் போட்டவர்கள் குண்டைக் கண்ணால்கூடக் காட்டவில்லை.

பொண்ணு சித்திரையில் போவதை நிறுத்திடுச்சு. ஆனால் அம்மாவிடம் சொல்லலை. கடன் வாங்கிக் கட்டின பணமாச்சே, எப்படிச் சொல்றது? தினமும் டிரஸ்ஸைப் பையில் எடுத்து வச்சு, பஸ் ஏறி, மாவட்ட மைய நூலகத்தில் போய் உட்கார்ந்து படிச்சிட்டுச் சாயங்காலம் திரும்பி வரும். மகளிர் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அதனால் செலவும் தெரியலை. மே மாசம்தான் அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சது. அழுதாங்களா, திட்டினாங்களா என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களிடம் வந்தபோது ரெண்டு பேர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

இப்போ எங்கள் தப்பைச் சொல்லணும். "5-ஆம் தேதி பணம் எடுக்குறாங்களா? கணக்கில் பணமே இல்லாம வழிச்சு எடுத்துடுங்க, என்ன பண்ணிடுவாங்கன்னு பார்ப்போம்" என்று நாங்கள்தான் வீராப்பாக யோசனை சொன்னோம். அக்காவும் எடுத்துட்டாங்க. மே மாசத் தவணை திரும்பிப் போச்சு. பேங்க்காரர்கள் ஒரு அபராதம், பைனான்ஸ் கம்பெனி ஒரு அபராதம், ரெண்டும் சேர்ந்து 700 ரூபாய்க்கு மேல். ஒரு நாளைக்கு நாலு தடவை போன். சிபில் என்று சொல்வார்களே, கடன் ஒழுங்காகக் கட்டினோமா என்று பதிவு பண்ணுகிற கணக்கு, அதிலும் கறுப்புப் புள்ளி விழும் என்று மிரட்டல். அது மிரட்டல் மட்டும் இல்லை, உண்மையும்கூட. தவணை தவறினால் அது பதிவாகத்தான் செய்யும். நாளைக்கு அக்கா பேங்கில் வேறு கடன் கேட்டால் அது தெரியும். ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டினோம். தவணையை நிறுத்துவது வேறு, கடனை ரத்து செய்வது வேறு என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

அதுக்கப்புறம் எங்கள் ஊக்குநரும் ரெண்டு உறுப்பினரும் அக்காவோடு ஜிம்முக்குப் போனோம். மேனேஜர் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பிடி கொடுக்கலை. "கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ரசீதின் பின்பக்கம் எறும்பு மாதிரி அச்சடிச்சிருந்ததைக் காட்டினார். "வேணும்னா ஒரு மாசம் நிறுத்தி வச்சுக்கங்க. இல்ல, வேற யாருக்காவது மாத்திக் கொடுங்க" என்றார். யாருக்கு மாத்துறது? எங்களுக்கா? எங்களில் ஒருத்தி "நான் வர்றேன் தம்பி, எனக்கு மாத்துங்க" என்று சொல்லி அந்த மிஷினைப் பார்த்து ஏறப்போனாள். அங்கே இருந்தவர்களே சிரிச்சிட்டாங்க. தவணை பற்றிக் கேட்டதுக்கு, "அது பைனான்ஸ்காரங்க விஷயம், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார். பைனான்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "கடை ரத்து செய்தால்தான் நாங்கள் கடனை ரத்து செய்ய முடியும், ஜிம்மில் கேளுங்க" என்றார்கள். தலையாரியைக் கேட்டால் மணியக்காரரைக் கேள், மணியக்காரரைக் கேட்டால் தலையாரியைக் கேள் என்று அந்தக் காலத்தில் நம்ம பாட்டிகளை அலைய விட்ட கதைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, ஜிம்முக்காரர்கள் ஏன் வருஷச் சந்தாவுக்கு இவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். நம்ம பொண்ணு மட்டும் போகாமல் நின்னுடுச்சு என்று அக்கா ரொம்ப நாள் குத்த உணர்ச்சியில் இருந்தாங்க. அமெரிக்காவில் டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்று ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள், அதில் ஒருத்தர் பெண், மூணு ஜிம்மில் 7,700-க்கு மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவை எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2006-இல் வெளியிட்டார்கள். மாசச் சந்தா 70 டாலருக்கு மேல் கட்டினவர்கள் மாசத்துக்குச் சராசரியாக நாலு தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கு. அதே ஜிம்மில் பத்து தடவைக்கு என்று சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்குப் 10 டாலர்தான். இன்னொரு வேடிக்கை, கடைசியாகப் போன நாளுக்கும் ரத்து பண்ணின நாளுக்கும் நடுவில் சராசரியாக ரெண்டு மாசத்துக்கு மேல் சும்மாவே பணம் கட்டியிருக்கிறார்கள். படிச்சவங்க, காரில் போறவங்க கதையே இதுதான். இதைக் கேட்டபிறகுதான் அந்தப் பொண்ணு முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஆக, சேருகிறவர்களில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள் என்று வியாபாரம் நடத்துகிறவருக்கு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரியாது. அதனால் நின்னுபோவதற்கு முன்னாடியே வருஷப் பணத்தை வாங்கிவிடப் பார்க்கிறார்கள்.

எங்கள் கணக்காளர் ஒரு வார்த்தை சொன்னாள். அதுதான் இந்தப் பேச்சுக்கே காரணம். "வருஷப் பணத்தை முன்கூட்டியே கட்டுறதுன்னா என்ன? பன்னிரண்டு மாசம் வரப்போற வேலைக்கு இன்னைக்கே பணம் கொடுக்குறோம். அப்போ நாமதானே அந்த ஜிம்முக்குக் கடன் கொடுத்திருக்கோம்? வட்டி இல்லாம, ஜாமீன் இல்லாம, கையெழுத்து இல்லாம!" நினைச்சுப் பாருங்கள். பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிற உறுப்பினருக்கு 5,000 கொடுக்க நோட்டு, தீர்மானம், ஜாமீன். முகம் தெரியாத கம்பெனிக்கு 12,000 கொடுக்க ஒரு கேள்வியும் இல்லை. நாம் கடன் கொடுக்கத் தெரியாதவர்களா? கடன் என்று தெரிந்தால் எல்லாக் கேள்வியும் நமக்குத் தானாக வரும். சந்தா, ஆஃபர், பேக்கேஜ் என்று பேரை மாத்திச் சொல்வதால் ஏமாந்துபோகிறோம்.

கடன் வாங்கினவர் திவாலானால் கொடுத்தவர் கதி என்ன என்று நமக்குத் தெரியும். ஜிம்மிலும் அது நடந்திருக்கு. தல்வால்கர்ஸ் என்று ஒரு பெரிய ஜிம் கம்பெனி. மும்பையில் 1932-இல் தொடங்கியது. நாடு முழுக்கக் கிளை வைத்து, பங்குச் சந்தைக்கும் போன கம்பெனி. 2019-இல் வாங்கின கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் தவறி, கிளைகளை மூட வேண்டி வந்தது. வருஷச் சந்தா கட்டிவிட்டுப் பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பினவர்கள் எத்தனையோ பேர். அவ்வளவு பழைய கம்பெனிக்கே அந்த நிலைமை என்றால், நேற்று தொடங்கினதுக்கு என்ன உத்தரவாதம்?

சரி, நாங்கள் என்ன பண்ணினோம் என்பதற்கு வருகிறோம்.

முதலில் 1915 என்ற நம்பருக்குப் போன் பண்ணினோம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிவு பண்ணி ஒரு எண் கொடுத்தார்கள். இந்த உதவி எண்காரர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகள் அதுக்குப் பயப்படும். நம்ம ஜிம் சின்ன ஜிம், முதல் பத்து நாள் பதிலே இல்லை. "எழுத்து மூலமா ஒரு கடிதம் அனுப்புங்க, அதுக்கப்புறம் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்" என்று அவர்களே வழி சொன்னார்கள். அந்த வழி எங்களுக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது.

இதுவரைக்கும் நாங்கள் போனதும் பேசினதும் எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு காகிதமும் இல்லை. குழுவில் நோட்டில் எழுதாத எதுவும் நடக்காத மாதிரிதான் என்று நாமே சொல்வோம். வெளியே போனால் அதை மறந்துவிடுகிறோம். உட்கார்ந்து கடிதம் எழுதினோம். பலர் கேட்டதால் அதை அப்படியே தருகிறோம்:

"ஐயா, என் மகள் 2025 பிப்ரவரி மாதம் தங்கள் உடற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டுக்குச் சேர்ந்தார். கட்டணம் ரூ.12,000. இதில் ரூ.3,000 ரொக்கமாகவும், ரூ.9,000 பைனான்ஸ் கம்பெனி கடன் மூலமாகவும் தாங்கள் பெற்றுள்ளீர்கள். பெண் பயிற்சியாளர், காவலர் தேர்வுக்கான பயிற்சி ஆகியவை தரப்படும் எனத் தாங்கள் கொடுத்த நோட்டீஸின் நகலை இணைத்துள்ளேன். மார்ச் மாதத்திலிருந்து பெண் பயிற்சியாளர் இல்லை. காவலர் தேர்வுக்கான பயிற்சி எதுவும் தரப்படவில்லை. ஆகவே இந்தக் கடிதத் தேதியிலிருந்து உறுப்பினர் சேர்க்கையை ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பித் தருமாறும், பைனான்ஸ் கம்பெனிக்கு ரத்து செய்ததைத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன்."

கடைசி வரியை எழுதும்போது அக்காவுக்குக் கை நடுங்கிச்சு. "கோர்ட்டு கீர்ட்டுன்னு எழுதணுமா?" என்று கேட்டாங்க. எழுதணும் என்றோம். மே மாசக் கடைசியில் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். (2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். இனிமேல் அனுப்புகிறவர்கள் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.) ஒரு நகல் பைனான்ஸ் கம்பெனியின் குறைதீர்க்கும் அலுவலருக்கும் போச்சு. அவர்கள் 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதுக்கும் செலவில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள்.

சட்டம் என்ன சொல்லுது என்று கேட்டு வந்ததையும் சொல்லிவிடுகிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-இல் வந்தது. 2019-இல் அதைப் புதுசாக எழுதினார்கள், 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கு. குறைபாடான சேவையை நிறுத்தி, வாங்கின பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று அதில் இருக்கு. ரசீதில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளைக்குள் தரணும். அதனால் பின்பக்கம் ஒரு வரி அச்சடிச்சுட்டால் எல்லாம் முடிஞ்சுபோச்சு என்று நாம் நினைச்சுக்கொள்ள வேண்டியதில்லை. சும்மா மனசு மாறி நிற்கிறோம் என்றால் வாதம் கொஞ்சம் பலவீனம்தான். சொன்னதைச் செய்யலை என்று காட்ட முடிந்தால் பலம். நம்ம பொண்ணு அந்த நோட்டீஸைப் புத்தகத்துக்குள் மடிச்சு வச்சிருந்தது, அதுதான் எங்களைக் காப்பாத்தினது.

முன்னாடியெல்லாம் கடை எந்த ஊரிலோ அந்த ஊர் ஆணையத்துக்குத்தான் போகணும். இப்போ நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கின விஷயத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகணும் என்பதும் இல்லை. பிரச்சனை நடந்த ரெண்டு வருஷத்துக்குள் போகணும்.

நாங்கள் ஆணையம் வரைக்கும் போகவில்லை. கடிதம் போய்ப் பன்னிரண்டாம் நாள் மேனேஜர் தம்பியே போன் பண்ணினார். அதுக்குள்ளே ஜூன் மாசத் தவணையும் போயிருந்தது. ரெண்டு தடவை பேசினோம். முதலில் 2,000 தர்றேன் என்றார். நாங்கள் மீதி உள்ள ஐந்து தவணை 5,000-ஐக் கேட்டோம். கடைசியில் ஜூன் மாசக் கடைசியில் அந்த 5,000-ஐ ஜிம்மே பைனான்ஸ் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்து, கடன் கணக்கை முடிச்சார்கள். கடன் பாக்கி இல்லை என்று சான்று வாங்கினோம். பேங்குக்குப் போய்த் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையும் ரத்து செய்து எழுதிக் கொடுத்தோம். இதை மறந்துவிடாதீர்கள். கடன் முடிஞ்சாலும் அந்த அனுமதி தானாகப் போயிடுச்சா என்று பாஸ்புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூலை 5-ஆம் தேதி காலையிலேயே அக்கா பேங்குக்குப் போய் வரவு செலவு பதிஞ்சு பார்த்துட்டு வந்தாங்க.

ஜெயிச்சோமா என்று கேட்டால், முழுசாக இல்லை. ரொக்கம் 3,000, தவணை 4,000, ஆக 7,000 போனது போனதுதான். அபராதம் தனி. பொண்ணு மொத்தம் போனது 26 நாள். ஒரு நாளைக்கு 269 ரூபாய் ஆகுது. அந்த வருஷம் நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச கூலி 336 ரூபாய். கிட்டத்தட்ட 21 நாள் கூலியை அந்தக் கண்ணாடி ரூமில் விட்டுட்டு வந்திருக்கோம். இன்னும் கொஞ்சம் போராடியிருந்தால் கூட வாங்கியிருக்கலாம் என்று எங்களில் சிலர் இப்பவும் சொல்கிறார்கள். அக்கா போதும் என்றாங்க. குறுவை நடவு தொடங்கிடுச்சு, ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்தாச்சு, டவுனுக்கு அலைய நாள் இல்லை. அதுவும் நியாயம்தானே.

அதுக்கப்புறம் எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஜிம், டியூசன், கம்ப்யூட்டர் கிளாஸ், தையல் பயிற்சி, எதுவாக இருந்தாலும் அதுக்குக் கடன் கேட்டால், அந்த இடத்தின் ரசீதையோ நோட்டீஸையோ குழுவில் காட்டணும். முதல் மாசத்துக்கு மட்டும் பணம் கட்ட விடுவார்களா என்று கேட்டு வரணும். நடுவில் நின்றால் என்ன என்று எழுத்தில் இருக்கா என்று பார்க்கணும். "இன்னைக்கு மட்டும்தான் ஆஃபர்" என்று சொன்னால் அன்றைக்குக் கட்டவே கூடாது. இதுக்கு ஒரு உறுப்பினர், "நம்ம துணிக்கடை ஆடித் தள்ளுபடிக்கும் இதுதானா?" என்று கேட்டார்கள். அது அவரவர் இஷ்டம்!

போனை வாங்கி யாராவது ஓடிபி கேட்டால், இது கடனா என்று சத்தமாகக் கேளுங்கள். கடன் என்றால் எவ்வளவு, வட்டி என்ன, மொத்தம் எவ்வளவு கட்டணும் என்பதை ஒரே தாளில், நமக்குப் புரிகிற மொழியில் தரணும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கு. போன் மூலமாக எடுக்கிற கடனில், எடுத்த பிறகு வேண்டாம் என்று திரும்பிக்கொள்ள ஒரு கெடுவும் உண்டு. அந்தக் கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், குறைந்தது ஒரு நாளாவது இருக்கணும். அக்காவுக்கு அந்தத் தாள் போனில் இங்கிலீஷில் வந்திருந்தது. மூணு மாசம் கழிச்சுத்தான் நாங்கள் அதைத் திறந்தே பார்த்தோம்.

பொண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போ காலையில் அஞ்சு மணிக்கு ஆற்றங்கரையில் ஓடுது. ஊரில் ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார் ஒருத்தர் இருக்கார். அவர் நிலம் அளக்குற டேப்பை வச்சுக் கரையில் 400 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். கூட ரெண்டு பொண்ணுங்க சேர்ந்திருக்கு. இருட்டில் தனியா விடக்கூடாது என்று அம்மாக்களில் ஒருத்தர் முறை வச்சு டார்ச் லைட்டோடு போய் நிற்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்குப் போய் மணலில் தாண்டிப் பழகுதுங்க. எழுத்துப் பரீட்சைக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அதையும் முதலிலேயே விசாரிச்சிருக்கணும். முதல் நாள் ஓடினப்போ 400 மீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடி ஆச்சு. போன வாரம் 2 நிமிடம் 24.

குழுவில் வாங்கின 5,000 உள்கடனில் ரெண்டு தவணை பாக்கி இருக்கு. அக்கா மாசம் தவறாம கட்டிக்கிட்டு வர்றாங்க.

எங்கள் கடிதத்தின் நகல், 1915-இல் கொடுத்த புகார் விவரம், பேங்குக்கு எழுதிக் கொடுத்த கடிதம், மூணையும் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறோம். தேவைப்படுகிறவர்கள் புதன்கிழமை வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் கணக்காளர் எழுதிக் கொடுப்பாள். ரசீது, நோட்டீஸ், பாஸ்புத்தகம் மூணையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.